நான் மூடிய வடிகால்

சபையில் சாட்சி சொல்ல எழுந்திருக்கும் போதெல்லாம் நான் இரண்டே வரியில் முடித்துவிடுவேன். "ஐப்பசி மழையில என் மகளுக்கு மூச்சு நின்னுபோற நெலமை. ஆண்டவர் காப்பாத்தினார்." எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். நானும் உட்கார்ந்துவிடுவேன். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நான் மறைத்த ஒரு சங்கதி உண்டு. சொன்னால் மானம் போய்விடும் என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. இப்போது வயதாகிவிட்டது. மானத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தஞ்சாவூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவர் தாவீது ஒரு பார்சல் ஆபீசில் கிளார்க். ஒரே மகள் ஜாய்ஸுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே இளைப்பு. மேகம் கறுத்தால் போதும், நெஞ்சு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தூக்கிக்கொண்டு ஓடினால் ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை நம்பித்தான் நான் உயிரோடு இருந்தேன்.

துபாயிலிருந்து வந்த வீட்டுக்காரர் மகன், வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதாகச் சொன்னான். வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கண் கலங்கித்தான் காலி செய்யச் சொன்னார். ஊருக்குள் வேறு வீடு பார்த்தோம். வாடகையைக் கேட்டால் எங்களுக்கே மூச்சு முட்டியது. எல்லா ஊரிலும் அப்போது அப்படித்தான். பழைய வீடெல்லாம் காம்ப்ளெக்ஸ் ஆகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து ஜெபித்தேன். நான் ஜெபிப்பது மளிகைக் கடைக்குச் சீட்டுக் கொடுப்பது மாதிரி இருக்கும். "ஆண்டவரே, கீழ்வீடாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டும். முக்கியமாக, டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில் வேண்டும்." சீட்டில் இருந்தபடி ஒன்றும் வரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் என் கணவர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். "ரூத், மனை வாங்கிட்டேன்" என்றார்.

"எங்கங்க?"

"கும்பகோணம் ரோட்டுல. பஸ்ல அரை மணி நேரம். எறங்கி ஒரு கால் மணி நேரம் நடக்கணும்."

"பாப்பாவுக்கு இளைச்சா?"

அவர் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அல்வாவை நான் தொடவே இல்லை.

சித்திரையில் போய்ப் பார்த்தேன். போன போகம் வரை நெல் விளைந்த வயல். சுற்றிலும் கல் நட்டுக் கலர் கொடி கட்டி, நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். மண் வெடித்துக் கிடந்தது. எங்கள் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், சொட்டுத் தண்ணீர் இல்லை, காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு அது வெறும் குப்பைப் பள்ளமாகத்தான் தெரிந்தது.

இரண்டு அறை எழுப்பி, ஆடி பிறக்கும் முன்பே குடிவந்துவிட்டோம். வந்த வாரமே கொத்தனாரிடம் சொல்லி, மிஞ்சிய உடைகல், மண் எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தில் கொட்டி வாசல் அகலத்துக்குக் கெட்டியாக மூடச் செய்தேன். பாப்பாவுக்கு இளைத்தால் ஆட்டோ வாசல் வரைக்கும் வர வேண்டுமே! அதை மட்டும்தான் யோசித்தேன். "யாரையாவது கேட்டுக்குவோமே" என்றார் என் கணவர். "நம்ம வாசலுக்கு யாரைக் கேக்கணும்?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

பின்னால் இருந்த வயல்கள் கலியபெருமாள் என்பவருடையவை. அவர் வந்து பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அம்மா, இது வடிகாலுங்க. மழை பேஞ்சா எங்க வயல் தண்ணியெல்லாம் இது வழியாத்தான் வடியணும். அடைச்சுட்டீங்களே."

"இது எங்க பட்டா எடம்ங்க. பத்திரம் இருக்கு, காட்டட்டுமா?"

"பட்டா உங்களுதாவே இருக்கட்டும்மா. தண்ணி பட்டா பாத்தா போகும்?"

"என் புள்ளைக்கு உடம்பு சரியில்லை. வண்டி வரணும். உங்க தண்ணிய வேற பக்கம் திருப்பிக்குங்க" என்று கதவைச் சாத்திவிட்டேன். அதன் பிறகும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நான் வெளியே வரவில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு, "இந்த மனுஷனிடமிருந்து எங்களைக் காப்பாற்றும்" என்று ஜெபம் வேறு செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசியில் தீபாவளி முடிந்த மறுவாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவே இல்லை. நகரில் மொத்தமே மூன்று வீடுகள். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் சொந்த ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. நான்காம் நாள் காலையில் வேலைக்குப் போன என் கணவர் டவுனில் மாட்டிக்கொண்டார், பஸ் நின்றுவிட்டது. வயல் எது ரோடு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளக்காடு. மத்தியானம் படி ஏறி வந்த தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் நுழைந்தது. நான் அடைத்த தண்ணீர்தான் போக வழியில்லாமல் என் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்பது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஜாய்ஸுக்கு இளைப்பு ஆரம்பித்தது. மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. கட்டில்மேல் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டேன். உதடு நீலம் பாய்ந்தது. "அம்மா" என்று முழுசாகச் சொல்லக்கூட அவளுக்கு மூச்சுப் போதவில்லை.

"ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று கத்தினேன். அப்போதும் என் சீட்டுப் புத்தி போகவில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவரிடம் கார் இருந்தது. அவர் பெயரைச் சொல்லியே கேட்டேன். மழைச் சத்தம்தான் பதிலாக வந்தது. கடைசியில் எல்லாம் விட்டுப்போய், "உமக்குச் சித்தமான யாரையாவது" என்றேன்.

கதவு இடிபட்டது. திறந்தால் கலியபெருமாள். கையில் மண்வெட்டி. பின்னால் இரண்டு ஆட்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நட்ட சம்பா நாலு நாளாத் தண்ணிக்குள்ள கெடக்கு! இன்னிக்கு வெட்டாம போகமாட்டேன். எவன் வந்து தடுப்பான்னு பாக்குறேன்!"

பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்த சத்தம் அவர் காதில் விழுந்தது. கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"புள்ளைக்கு என்னம்மா?"

"மூச்சு விட முடியலைங்க."

மண்வெட்டியை ஆட்களிடம் கொடுத்தார். "நீங்க வெட்டுங்கப்பா" என்றார். ஜாய்ஸைத் தோளில் தூக்கி, ஒரு சாக்கை மடித்து, மழைக்குக் கொங்காணியாக அவள் தலையில் போட்டு மூடினார். தலைத்துண்டை அவிழ்த்து ஒரு முனையை என் கையில் திணித்தார். "இதை விடாதீங்க. நான் கால் வச்ச எடத்துல கால் வைங்க. ரெண்டு பக்கமும் பள்ளம்."

இடுப்பளவு தண்ணீரில் அவர் பின்னால் நடந்தேன். தண்ணீருக்கு அடியில் இருந்த வரப்பு அவர் காலுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தத் துண்டு மட்டும்தான் தெரிந்தது. மெயின் ரோட்டில் ஒரு பால் வண்டி வந்தது. நடுரோட்டில் நின்று அதை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்தேன். சேற்று வேட்டியோடு கலியபெருமாள் சுவரோரம் குந்தியிருந்தார்.

"அண்ணே, என்னை மன்னிச்சுருங்க" என்று அழுதேன்.

"அது கெடக்கட்டும்மா. புள்ள மூச்சு விடுதா?" என்று கேட்டார். விடுகிறாள் என்றதும் எழுந்து, பஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. வடிகால் வெட்டப்பட்டு வயல் தண்ணீர் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. தோண்டிய கற்களை வீசி எறியாமல் எங்கள் வாசலோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். தாழ்வான வயலில் அவருடைய இரண்டு மா நடவு, அரை ஏக்கருக்கு மேல், அழுகிப்போனதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

அந்த வாரமே நானும் என் கணவரும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசலுக்கு வண்டி வர என்ன வழி என்று என் கணவர் கேட்டார்.

"அடியில சிமெண்ட் கொழாய் ரெண்டு போட்டு மேல மண்ணை அணைச்சுட்டா ஆட்டோவும் வரும், தண்ணியும் போகும். அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனேம்மா" என்றார்.

எனக்கு நெஞ்சில் அறைந்தது போல இருந்தது. வெள்ளி தோறும் பட்டினி கிடந்து நான் தேடிய வழி என் வாசலில் மூன்று தடவை வந்து நின்றிருக்கிறது. நான்தான் கதவைச் சாத்தினேன். ஆனாலும் நாலாவது தடவையும் ஆண்டவர் அதே மனுஷரைத்தான் அனுப்பினார். நான் கேட்டது கார். அவர் அனுப்பியது மண்வெட்டி. அந்த ஒரே மண்வெட்டியால் கலியபெருமாள் அண்ணனின் மீதிப் பயிரும் பிழைத்தது, என் வீட்டுத் தண்ணீரும் வடிந்தது. என் குழந்தையும் எனக்குத் திரும்பக் கிடைத்தாள்.

குழாயை அவரே நின்று போட்டுக் கொடுத்தார். இன்று நகரில் வீடுகள் நெருங்கிவிட்டன. புதிதாக யார் குடிவந்தாலும் நான்தான் முதலில் போய் வடிகாலைக் காட்டுகிறேன். என்னைக் கொஞ்சம் வாயாடி என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

வீட்டுக்காகவும் பிள்ளைக்காகவும் கண்ணீரோடு ஜெபிக்கிற என் சகோதர சகோதரிகளே, தயங்காமல் கேளுங்கள், அவர் கேட்கிறார். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். கதவு தட்டப்பட்டால், தட்டுகிறவர் கோபமாக வந்திருந்தாலும் திறந்து பாருங்கள்.

ஜாய்ஸ் இப்போது திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். கலியபெருமாள் அண்ணன் மறைந்து சில வருஷம் ஆகிறது. ஐப்பசி பிறந்ததும் அவளிடமிருந்து போன் வந்துவிடும். நல்லா இருக்கியா என்றுகூட முதலில் கேட்கமாட்டாள்.

"அம்மா, மாமாவோட வடிகாலைச் சுத்தம் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சுடி" என்பேன். பிறகு கொஞ்ச நேரம் போனில் அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.