குறுக்கே பேசுவதைப் பார்த்தவர்

வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதுவது அண்ணியின் வேலை. நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்துக்கும் அவர் அண்ணியாகிவிட்டார். கணவருக்கு இரும்புக் கடைசல் பட்டறை. அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. அவர் பேசுவார், மற்றவர்கள் பேசுவது எதுவும் கேட்காது. ஒவ்வொருவராகச் சீட்டில் எழுதிக் காட்டுவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

அலுவலகத்தில் கூட்டு ஆவணம் ஒன்றை அண்ணி பயன்படுத்தியிருந்தார். ஒவ்வொருவர் கைபேசியிலும் அதற்கு ஒரு பிரதி. யார் எங்கே எழுதினாலும் பிரதிகள் தாமாகவே ஒன்றாகிவிடும். வீட்டில் பேசுவதை அதில் தட்டி, சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு திரையில் காட்டினால் போதும், கணவர் படித்துக்கொள்வார் என்று நினைத்தார்.

அவ்வளவு லேசாக முடியவில்லை. ஆவணம் உள்ளே மாறிக்கொண்டிருக்க, திரை அசையவே இல்லை. பக்கத்தைத் திரையில் வரைகிற மென்பொருள், தனக்குச் சொன்ன மாற்றத்தை மட்டுமே வரையும். ஆவணமோ சொல்லாமல் கொள்ளாமல் மாறியது. மாறும்போதெல்லாம் சேதி சொல்ல வைத்தார். இப்போது ஓர் எழுத்துக்காக முழுத் திரையும் அழிந்து அழிந்து வந்தது. கண் வலிக்கிறது என்றாள் நாத்தனார். கடைசியில், ஒவ்வொரு வரியும் ஆவணத்தில் தன் பங்கை மட்டும் கவனிக்கும்படி இணைத்த பிறகுதான் திரை அடங்கியது.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம் என்று நாத்தனார் தட்டத் தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் வேண்டாம் என்று அண்ணி தட்டினார். திரையில் இரண்டு வரிகளும் ஒன்றாக வளர்ந்தன. கணவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்களா?"

அண்ணி கையை எடுத்துக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க," என்றார் அவர். "குறுக்க குறுக்க பேசுங்க. இதெல்லாம் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அந்த நேரம் பார்த்து இணையம் அறுந்தது. அது தெரியாமல் இருவரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். திரும்ப வந்தபோது, தேங்கியிருந்த வரிகள் எல்லாம் ஒன்றையொன்று மிதிக்காமல் வந்து உட்கார்ந்தன. ஓர் எழுத்துகூடத் தொலையவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று அண்ணிக்குத் தெரியும், அதன் பின்னால் உள்ள கணக்கும் தெரியும். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

"உன் கை வேலையா இது?" என்று கேட்டார் கணவர்.

இணைத்தது மட்டும்தான் நான் என்று தட்டினார் அண்ணி.

சுவர் பச்சையாயிற்று. மறுவாரம் கணவர் தன் கைபேசியிலும் அதைப் போட்டுத் தரச் சொன்னார். பேசத்தான் வாய் இருக்கிறதே என்று தட்டினாள் நாத்தனார்.

"எனக்கும் குறுக்க பேசணும்," என்றார்.