தீர்ப்பு சொல்லாமல் போன ஜட்ஜ்

இன்று ஹைகோர்ட் வாசலிலேயே என் வக்கீலின் குமாஸ்தா என்னை நிறுத்திவிட்டார்.

"ரேடியோ கேக்கலியா சார்? பெரிய ஜட்ஜ் தவறிட்டாரு. கோர்ட் லீவு."

எங்கள் மயிலாப்பூர் வீட்டு வழக்கை முழுக்கக் கேட்டுவிட்டு, தீர்ப்பை ஒத்திவைத்திருந்தவர் அவர்தான்.

"அப்போ தீர்ப்பு?"

"இனிமே வேற ஜட்ஜ். வாதம் மறுபடியும் முதல்லேர்ந்துதான்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார். "தங்கமான மனுஷன் நைனா. எதுக்கும் அவசரப்படவே மாட்டாராம்."

அது எனக்கே தெரியும்.

வீட்டு வாசலில் என் அண்ணன் நின்றிருந்தார். வழக்கில் எதிர்வாதி அவர். முன்கட்டில் குடியிருந்தும் வழக்குப் போட்டதிலிருந்து என்னோடு பேசாதவர்.

"கேள்விப்பட்டியா? முதல்லேர்ந்தாமே."

"ஆமாண்ணா."

"உள்ள வா. காபி சாப்ட்டுட்டுப் போ."

துக்கம் கேட்க வந்தவன்போல் உட்கார்ந்து குடித்தேன்.

தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், எங்களில் ஒருவர்தான் அழுதிருப்பார்.