நடுவில் அரை அடி

அந்தத் துணிக்கடையில் அவளுடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. பொம்மை அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். கடை முகப்பிலுள்ள மூன்று பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்குள் பொம்மைகளுக்கு உடை மாட்டி, விளக்கைத் திருப்பி, தெருவில் போகிறவர்களை ஒரு நிமிடமாவது நிற்க வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். வயது நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தங்கையும் அவளும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கே கிளம்பிவிடுவாள். முதலில் கடைத்தெரு, மற்ற கடைகளின் ஜன்னல்களைப் பார்க்க. செருப்புக்கடை ஒன்றில் அலமாரிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்திருந்தால், வாங்க வருகிறவன் குனியட்டும் என்றா வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பாள். எதுவும் வாங்க மாட்டாள். விற்பனைப் பெண் வந்து "என்ன வேணும் மேடம்?" என்று கேட்டால், "உங்க லைட்டு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

அதற்குப் பிறகு கலைக்கூடம். பழைய கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, உள்ளே நாலைந்து அறைகளாகத் தடுத்திருந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு அவள் அங்கே நுழைந்தது கலைக்காக இல்லை, கழிவறைக்காக. போகிற வழியில் ஓர் அறை முழுக்கப் பழைய மின்விசிறிகள் தரையில் நின்று, ஆளுக்கொரு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து நின்றவள், முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த பிறகுதான் எதற்கு உள்ளே போனோம் என்று நினைவு வந்து திரும்ப ஓடினாள். தங்கையிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஃபேன பாக்க டிக்கெட்டா? நம்ம வீட்டு ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, அதையும் கொண்டுபோய் வெச்சிடு. இன்னும் புதுசா இருக்கும்."

மூன்றாவது கிறுக்கு பாட்டு. வீட்டு அறையில் உட்கார்ந்து பதிவு செய்து இணையத்தில் போடுகிற, யாரும் கேள்விப்படாத சின்னக் குழுக்களைத் தேடித் தேடிக் கேட்பாள். புத்தகக்கடையின் பின்னறையில் அவர்கள் பாட வரும்போது, இருபது வயதுக்காரர்களுக்கு நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்குள் வேலை செய்யும்போதும் காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அவள் பொம்மைகளோடு பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

போன வருடம் மழைக்காலத்துக்கு முன்பு நாலு நிறத்தில் நாலு கோட்டு நடு ஜன்னலில் வர வேண்டும் என்று தலைமை அலுவலகத்து உத்தரவு. மூன்றுதான் வந்து சேர்ந்தன. மஞ்சள் கோட்டு வரவில்லை. வரும் வரை ஒரு பொம்மையைக் குறைத்து, மூன்றையும் நெருக்கி வைத்திருந்தால் போதும், யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அவள் காதில் ஒரு பாட்டு. மூன்று பேர் குழு. பாட்டின் நடுவில் பாடுகிற பெண் சட்டென்று நிறுத்திவிடுவாள். வாத்தியங்களும் நின்றுவிடும். நாற்காலி கிரீச்சிடுவதும் யாரோ மூச்சு விடுவதும் மட்டும் கேட்கும். கேட்பவர் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கிற சமயத்தில் மறுபடி தொடங்கும்.

அன்றைக்கு அதைப் பதினைந்து தடவையாவது கேட்டிருப்பாள். நாலாவது பொம்மையின் இடத்தை நடுவிலேயே காலியாக விட்டாள். மற்ற மூன்றையும் லேசாக அந்தப் பக்கம் திருப்பினாள். காலித் தரையில் ஒரு விளக்கைப் போட்டாள். ஒரு பொம்மைக்கு மணிக்கட்டு உடைந்திருந்ததால் அதன் கையைக் கோட்டுப் பைக்குள் நுழைத்து மறைத்தாள். இடைவெளியை மட்டும் நாலைந்து முறை கூட்டிக் குறைத்து, தெருவுக்குப் போய்ப் போய்ப் பார்த்து, கடைசியில் மூன்றரை அடியில் நிறுத்தினாள். அதில்தான் மூச்சு வந்தது.

மேலாளருக்குப் பிடிக்கவில்லை. "என்னக்கா, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?"

"கோட்டு வரல சார்."

ஆனால் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். கோட்டுகளும் விற்றன. அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த ஜன்னல் ஆறு வாரம் இருந்தது. நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள் மூன்று நாள் தொடர்ந்து வந்து படம் எடுத்தார். நடைபாதையில் அடிமேல் அடி வைத்து அளந்தும் பார்த்தார். பொம்மை அக்கா உள்ளே சட்டைகளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போய்ப் பேசலாமா என்று வாசல் வரை போனவள், கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டாள். பிறகு வேறு உத்தரவு வந்தது. ஜன்னலைக் கலைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

ஒரு வருடம் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை கலைக்கூடத்தில் புதிய கண்காட்சி. அந்த மின்விசிறிகளை வைத்த அதே கலைஞருடையது. அவர் கண்காட்சி எதையும் அவள் விட்டதில்லை. ஆளை மட்டும் பார்த்ததில்லை. இரண்டாவது அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய ஜன்னல் அங்கே இருந்தது. அதே கண்ணாடி, அதே மூன்று கோட்டு, காலித் தரையில் விழும் அதே விளக்கு. பைக்குள் நுழைத்த கைகூட அப்படியே. சுவரிலிருந்த அட்டையில் நாலே வார்த்தை: 'தெருவில் கண்டது. செய்தவர் தெரியவில்லை.'

முதலில் அவளுக்கு வந்தது கோபம் இல்லை. உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. கலைத்துக் குப்பையில் போட்ட ஒன்று உயிரோடு திரும்பி வந்ததைப் போல இருந்தது. பக்கத்தில் நின்ற இருவர் கிசுகிசுவென்று பேசியதைக் கேட்டு, தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று முகம் சூடானது. பத்து நிமிடம் போன பிறகுதான் ஏதோ இடறியது. ஒரு பக்கம் தூண் இருந்ததால் எல்லாவற்றையும் நெருக்கியிருந்தார்கள். காலால் அளந்து பார்த்தாள். நடுவில் மூன்று அடிதான். அவள் ஜன்னலில் அந்த மூவரும் யாருக்காகவோ காத்திருந்தார்கள். இங்கே பேருந்துக்காக நிற்பது போல நின்றார்கள்.

நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் போனாள். "அந்த ஜன்னல் இருக்கே... அது நான் பண்ணதும்மா."

அந்தப் பெண் முகம் மலர்ந்தாள். "ரொம்ப சந்தோஷம் மேடம். பாக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் அப்படித் தோணணும்னுதான் ஆர்ட்டிஸ்ட் சொல்வாங்க. இதுல எழுதுங்களேன்."

நீட்டிய குறிப்பேட்டில் அவள், 'நடுவில் அரை அடி குறைகிறது' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

தங்கைக்கு விஷயம் தெரிந்ததும் ஆடித் தீர்த்துவிட்டாள். "யாரோ உன்ன அப்படியே தூக்கிட்டுப் போய் வெச்சிருக்காங்க, நீ அளவு சரியில்லன்னு எழுதிட்டு வந்திருக்க. உன் பேர போடச் சொல்ல வேணாமா?"

"பேரு கெடக்கட்டும்டி. அந்த அரை அடிய யாராவது நகத்தினா போதும்."

"உன்கூட பேசறதுக்கு அந்தப் பொம்மைங்ககூட பேசலாம்."

அந்த ஞாயிறு மாலை கலைஞர் பார்வையாளர்களோடு பேசுகிறார் என்று அறிந்து, தங்கை இருவருக்கும் விடுப்புச் சொல்லி அக்காளை இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் உட்கார்ந்திருந்தது அந்த நரைமுடி அம்மாள். இல்லாமை பற்றி, காத்திருத்தல் பற்றி அருமையாகப் பேசினார். பொம்மை அக்கா தன்னை மறந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி நேரத்தில் தங்கை அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். மைக் வந்தது. 

"அந்த நடு இடம்... மூணரை அடி இருக்கணும்ங்க."

கலைஞர் புன்னகைத்தார். "அளவு முக்கியமில்லைங்க. யாரோ இல்லங்கறதுதான் முக்கியம்." கூட்டம் ஆமோதித்தது.

தங்கை மைக்கைப் பிடுங்கினாள். "அத செஞ்சது எங்க அக்கா. அவளுக்குத் தெரியாதா அளவு?"

 கலைஞர் மேடையிலிருந்து இறங்கி வந்து பொம்மை அக்காளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த மகிழ்ச்சியில் நடிப்பு எதுவும் இல்லை. "நீங்களா? நான் உங்கள எவ்வளவு தேடினேன் தெரியுமா? கடையில கேட்டேன். எல்லாம் தலைமை அலுவலகத்துலேருந்து வர்ற டிஸ்ப்ளேன்னு மேனேஜர் சொல்லிட்டார்."

திட்டுவதற்கென்று தயாராக வந்த தங்கை மைக்கை மெல்லக் கீழே இறக்கினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏன் அந்த இடத்த விட்டீங்க?" என்றார் கலைஞர்.

பொம்மை அக்காளுக்கு எல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு வந்தது. பாட்டு, அது நிற்கிற இடம், நாற்காலியின் கிரீச், தெருவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்த நடை. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சுற்றிலும் நாற்பது பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டு வரல" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். கலைஞரின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்து, உடனே மரியாதையாகத் திரும்ப எரிந்தது. அட்டையை மாற்றச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அரை அடியைப் பற்றிக் கேட்டதற்குத் தூணைக் காட்டினார். "இங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அடுத்த ஊர்ல கண்டிப்பா சரி பண்ணிடறேன்." தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

 வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து இறங்கும்போது தங்கை, "எங்கிட்ட சொன்னியே, அந்தப் பாட்ட பத்தி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"வரலடி" என்றாள் அக்கா.

அடுத்த செவ்வாய் அட்டை மாறியிருந்தது. கலைக்கூடத்தார் கடைக்குத் தொலைபேசி செய்து கேட்டிருக்கிறார்கள். மேலாளர் சொன்னதை அப்படியே அச்சடித்திருந்தார்கள்: 'செய்தவர்கள்: துணிக்கடை ஒன்றின் ஊழியர்கள்.' மேலாளர் முந்தின நாளே கடையில் அவளிடம் சொல்லியிருந்தார். "கடையில செஞ்சது கடையோடதுதான்க்கா. ஆனா நம்ம எல்லாருக்குமே பெருமைதான்." பணம் வாங்கும் மேசைக்கு மேலே அந்தக் கண்காட்சியின் படத்தையும் மாட்டிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிரமமாக இருந்தது.

அறையில் அப்போது யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்கு வழி இருந்தது. ஓரத்துப் பொம்மையைத் தூணுக்குப் பின்னால் கொஞ்சம் மறைவாகத் திருப்பினால், ஒரு தோளைத் தியாகம் செய்து அரை அடியைச் சம்பாதித்துவிடலாம் என்று அவளுக்குப் பட்டது. ஒரு நிமிட வேலை. கை தானாக நீண்டது.

"அம்மா, தொடாதீங்க."

காவலர் வாசலில் நின்றிருந்தார். ஆறு வருடமாக அவளை வணங்கி உள்ளே அனுப்புகிறவர். எந்த அறையை முதலில் பார்க்கலாம் என்று சொல்லியும் கொடுப்பார்.

"அண்ணே, இத வெச்சது நான்தான்."

"தெரியும்மா. அன்னைக்குக் கூட்டத்துல நானும்தான் நின்னேன்." அவர் சுவர் மூலையிலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். "நீங்க தொட்டா என் வேலை போயிடும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இருவரும் சற்று நேரம் அந்த மூன்று பொம்மைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எனக்கும் நெருக்கமாத்தான் தெரியுது" என்றார் காவலர். அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. கைக்குட்டையைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கண்காட்சி வேறு ஊருக்குப் போனது. ஒரு நாள் மதியம் கலைஞரிடமிருந்து படம் வந்தது. 'நீங்கள் சொன்னபடியே இடம் விட்டாயிற்று. மிகுந்த அன்புடன்.' பெரிய மண்டபம். நடு இடைவெளி குறைந்தது ஆறு அடி இருக்கும். பொம்மைகள் மூன்றும் சண்டை போட்டுக்கொண்டு விலகி நிற்பவர்கள் மாதிரி நின்றன. அவள் படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். பதிலுக்கு ஏதேதோ எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் 'நன்றாக இருக்கிறது' என்று அனுப்பினாள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் வெளியே போகவில்லை. துணி துவைத்தாள். அலமாரியை ஒழித்தாள். ஒரு செவ்வாய் பழைய ஃபேனை ஆள் கூப்பிட்டு ரிப்பேர் செய்தாள். கடையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த வரைபடத்தில் உள்ளபடியே பொம்மைகளை இம்மி பிசகாமல் வைத்தாள். மேலாளர் மிகவும் திருப்திப்பட்டார். காதில் பாட்டு ஓடியது. ஆனால் எந்தப் பாட்டு என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். தங்கைதான் பயந்துபோய், "போயேன், அந்தக் குப்பையெல்லாம் பாத்துட்டு வாயேன்" என்று துரத்த ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, மளிகை வாங்கப் போனவளின் கால்கள் எப்படியோ கலைக்கூடத்து வாசலில் வந்து நின்றன. உள்ளே ஓர் அறையில் பழக்கமில்லாத யாரோ ஒருவருடைய படம் சுவர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் காலியான விளையாட்டு அரங்கின் படிகளைப் பெருக்குகிறார். ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல். அவ்வளவுதான் படம். நாற்பது நிமிடம். பிடிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் அவள் மளிகைப் பையைக் காலடியில் வைத்து உட்கார்ந்தாள். பதினோராவது படியில் கிழவர் நின்று, துடைப்பத்தின் முனையிலிருந்து எதையோ கிள்ளி எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அது என்னவென்று காட்டவில்லை. அவளையும் அறியாமல் முன்னால் சாய்ந்தாள்.

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. தங்கையாகத்தான் இருக்கும், எண்ணெய் கேட்டிருந்தாள். எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை. இன்னும் நிறையப் படிகள் பாக்கி இருந்தன.