கமெரா பின்தொடர்ந்த முகம்

நடக்கிற ஆளின் முகத்தைத் தானே கண்டுபிடித்து, விடாமல் பின்தொடரும் கமெரா என்று சொல்லி விற்றார்கள். நம்பினேன். கலியாண வீடுகளில் அது பிழைவிடவில்லை. அந்த மிதப்பில்தான் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நடத்திய ஊர்வலத்துக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

எங்கள் வீதியில் இருந்த ஒரு அம்மா முன்வரிசையில் வந்தார். மகனின் பாடசாலைப் படத்தைச் சட்டம் போட்டு, இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

“என்ர மூஞ்சையை எடுத்து என்ன செய்யப் போறாய்? பிள்ளையை எடு!”

“ரெண்டு பேரையும் எடுக்கிறன் அம்மா. நடந்து வாங்கோ.”

பின்பக்கமாக நடந்தபடி எடுத்துத் தள்ளினேன். திரையில் பச்சைப் பெட்டி ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. எந்த முகம் என்று நான் பார்க்கவில்லை. அந்தச் சோம்பலுக்கு மன்னிப்பில்லை.

சில மாதங்களில் அவர் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தின் அட்டைக்குப் படம் கேட்டு மகள் வந்தாள். வீட்டில் இருந்த தாயின் படங்கள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன. அடையாள அட்டைப் படமும் ஈரம் பட்டு அழிந்திருந்தது. என்னிடம் இருப்பதுதான் மிச்சம்.

கணினியில் பெரிதாக்கினேன். ஒவ்வொன்றிலும் மகன் இமைமயிர்வரை தெளிவு. பின்னால் தாய்க்குக் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

“என்ன அண்ணை, தம்பிதான் எல்லாத்திலயும் வடிவா நிக்கிறான். அம்மா எங்க?”

“கமெரா படத்தில இருந்த முகத்தைப் பிடிச்சிட்டுது தங்கச்சி.”

“கமெராவோ, நீங்களோ?”

தாயின் விருப்பப்படியே நடந்திருக்கிறது என்று பிறகு ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். விசர்க் கதை. இயந்திரத்துக்கு யாருடைய விருப்பமும் தெரியாது. கிட்ட இருந்த முகத்தைப் பிடித்தது.

“ரெண்டு பேரும் நிக்கிற மாதிரியே போடுவமே?” என்றேன்.

அவள் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

“கல்வெட்டில தம்பியைப் போட்டா, அவனும் செத்தவன் எண்டெல்லோ ஆகும்? அவனுக்கு மரணச் சான்றிதழ் தாறம் எண்டு வந்தவையையே அம்மா கலைச்சுவிட்டவா. அவனை வெட்டுங்கோ.”

வெட்டினேன். தெளிவாக இருந்தது முழுவதும் போனது. மிஞ்சிய மங்கலில் எவ்வளவு வேலை செய்தும் கண்கள் வரவில்லை. அதுதான் அச்சானது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில், ஊர்வலத்தில் அவருக்குப் பக்கத்தில் நடந்த இன்னொரு தாய் அந்த அட்டையை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“இது அவாவோ?”

எதிரே சோற்றுக்கு முன்னால் இருந்த நான் பாதியில் எழும்பினேன். கை கழுவிவிட்டு வந்துவிட்டேன்.