இரண்டு மணி கரண்ட்

ரேணிகுண்டாவில் என் பிரவுசிங் சென்டருக்கு ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான் உயிர். பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகக் காத்திருந்தவர்களின் பயோடேட்டாக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அன்று திடீரென்று கரண்ட் போய் வந்ததும் சர்வர் தன் டிஸ்க்கை முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்தது. அது பாதியில் நின்றால் உள்ளே இருப்பது மொத்தமும் போய்விடலாம். யுபிஎஸ் பேட்டரியோ செத்துக் கிடந்தது. இரண்டு மணிக்கு வழக்கமான பவர்கட் வேறு.

"டிஸ்க்குல ஃபைலுங்கள வெக்கிற அந்தப் பழைய முறைய மாத்தி, புது ஃபைல் சிஸ்டம் போடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? கரண்ட் போனாலும் ஒடனே எழுந்துக்கும்," என்று கத்தினான் கடையில் பங்குள்ள என் மச்சான். பழசைத்தான் நம்பலாம் என்பது என் கட்சி. அந்த நேரத்திலும் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டு மணி நெருங்கியும் திரை எழுபது சதவீதத்தைத் தாண்டவில்லை. சப்ஸ்டேஷன் லைன்மேனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கொஞ்சம் லேட்டா கட் பண்ணுங்கண்ணா. இங்க ஒரு ஆபரேஷன் நடந்துகினு இருக்குது."

"ரைஸ் மில்லுக்காரனும் ஆபரேஷன்னுதான் சொல்றான். ஊர்ல எத்தினி ஆஸ்பத்திரிப்பா இருக்குது?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மணி இரண்டைத் தாண்டியது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. இருவரும் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவழியாக நூறு வந்தது. உடனே முறையாக ஷட்டவுன் செய்தேன். திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஃபேனும் நின்றது.

"இப்பவாவது புதுசு போடலாமா?" என்றான் மச்சான்.

"எதுக்கு?" என்றேன். "அதான் லைன்மேன் இருக்காரே."