எந்தப் போன் அடிக்க வேண்டும்

புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை நடத்தும் இரு பங்குதாரர்கள் எங்கள் தொலைபேசி மென்பொருளை வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது மூத்தவர் தன் அழைப்புகளை இளையவருக்குத் திருப்பிவிடுவார். அந்த வாரம் மூத்தவர் திருப்பியிருந்ததை மறந்து, சாப்பிடப் போன இளையவரும் தன் அழைப்புகளை மூத்தவருக்குத் திருப்பிவிட்டார். வெளியூர் வியாபாரியின் அழைப்பு இருவருக்கும் நடுவே சுற்றி அறுந்துபோனது. அவர் வேறு கடையில் சரக்கு எடுத்துவிட்டார்.

மறுநாள் மூத்தவர் எங்கள் சங்கரன்கோவில் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “ஏம்மா, கடையில ரெண்டு பேரு இருக்கோம், ஒருத்தனுக்கும் மணி அடிக்கலையே. இன்னொரு தடவ இப்படின்னா எனக்கு உங்க சாமானே வேண்டாம்.”

“திருப்பிவிடுறதையே எடுத்துருவோமா?” என்றார் மேலாளர்.

“வேண்டாம் சார். ரெண்டு பேரும் திருப்பினா எந்தப் போன் அடிக்கணும்னு நான் எழுதுதேன்” என்றேன். ஒருமுறை திருப்பிய அழைப்பை மறுபடி திருப்பக் கூடாது, வந்த இடத்திலேயே மணி அடிக்க வேண்டும். அதை மென்பொருளில் எழுதி முடிக்கும்வரை மூத்தவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

மதியம், பங்குதாரர்கள் இருவரின் போனையும் ஒன்றுக்கொன்று திருப்பிவைத்து, மூத்தவரின் எண்ணை அழைத்தேன். புளியங்குடியில் இளையவர் எடுத்தார். மூத்தவர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, அவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

“சாப்பிடுதேன், அண்ணாச்சி.”

“சோத்துக் கையோடயே எடுலே. இனி அப்படித்தான்.”