பன்னிரண்டு கூரைகள், ஒரு காரும் இல்லை

ஸ்டாம்புக்காரரிடம் பதினோரு கார் கூரைகள் இருந்தன. கார் ஒன்றுகூட இல்லை. சைக்கிள் ஒன்று இருந்தது, அதற்கும் மணி கிடையாது.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் அந்தக் காலத்துத் திறந்த கார்களுக்குக் கம்பெனி கொடுத்தது ஒரு துணிக்கூரைதான். மழை பெய்தால் அது சல்லடை. அதனால் அங்கங்கே சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள், கம்பெனியைக் கேட்காமலேயே, அந்தக் கார்களுக்கு ஃபைபரில் கெட்டிக்கூரை செய்து விற்றார்கள். நாலு திருகைக் கழற்றினால் கூரை தனியே வந்துவிடும். ஒரு பட்டறை ஐம்பது செய்திருக்கும், இன்னொன்று முப்பதோடு கதவை மூடியிருக்கும். இப்போது கார்கள் கிடைக்கின்றன, கூரைகள்தான் கிடைப்பதில்லை. ஸ்டாம்புக்காரர் தேடித்தேடிச் சேர்த்ததெல்லாம் இந்தக் கூரைகளை. சேர்த்ததோடு விடாமல் அச்சு எடுத்து, அதே மாதிரி புதிதாகச் செய்து, தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் நனையும் பழைய கார்க்காரர்களுக்கு அனுப்பிவைப்பார்.

நாற்பது வருடமாக ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர் கூரைக்கு எப்படி வந்தார் என்றால், காயலான் கடை வழியாகத்தான் வந்தார். 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஸ்டாம்பைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில், ஒரு கூரை மல்லாந்து கிடந்தது. உள்ளே மழைத்தண்ணீர் நிறைந்து, மூன்று வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. ஸ்டாம்புக்காரர் வாத்துகளைப் பார்க்கவில்லை. 'மேலே மேடு என்றால் உள்ளே பள்ளம். பெரிய சைஸ் ஸ்டாம்பு!' என்று நின்றுவிட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்து, "வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார். வாத்துங்க மட்டும் என்னோடது" என்றார்.

அன்றிலிருந்து வீட்டின் நிலைமை மாறிப்போனது. கூடத்து உத்தரத்தில் கப்பி போட்டு ஆறு கூரைகள் தொங்கின. துவைக்கிற கல்லுக்கு மேலே ஒன்று நிழல் தந்தது. இன்னொன்றை மல்லாத்தி வைத்து அவர் மனைவி போர்வை ஊறப்போட்டாள். விருந்தாளிகள் குனிந்து வந்து குனிந்து போனார்கள். அவரைப் பார்த்து மரியாதையில் குனிவதாகத் தெருவில் சிலர் நினைத்துக்கொண்டதும் உண்டு.

மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிற டீச்சர். இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து, அவள் வலது காலுக்குத் தனி புத்தி வந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அளவுக்கு மீறிப் பேசினால் கால் தானாகத் தரையை அழுத்தும். ஸ்டாம்புக்காரர் தன் வாயை மூடவேண்டிய நேரத்தை அந்தக் காலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இப்படிப் பதினோரு கூரை சேர்ந்தும் அவருக்குத் தூக்கம் பிடிக்காமல் செய்தது பன்னிரண்டாவது. பெயர் முட்டைக் கூரை. பின்பக்கம் அவித்த முட்டை மாதிரி வழவழவென்று உருண்டு இறங்கும். மொத்தமே இருபத்தாறு செய்தார்களாம். பதினைந்து வருடமாக அதை அவர் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். பர்ஸில் மனைவி படத்துக்குப் பின்னால் அந்தப் படம் இருந்தது. பின்னால்தான் என்பதை மனைவி அவ்வப்போது சரிபார்த்துக்கொள்வாள்.

அது கடைசியில் அகப்பட்டது பக்கத்து ஊர் மாட்டு டாக்டரம்மாவின் ஷெட்டில். டாக்டரம்மா அந்த இரண்டு சீட்டு காரில்தான் வைத்தியத்துக்குப் போவார். ஒருமுறை காலொடிந்த கன்றுக்குட்டியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டும் போட்டு அழைத்துவந்தாராம். போலீஸ்காரர் கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஏன் பெல்ட் போடவில்லை என்று கேட்டாராம்.

இப்போது டாக்டரம்மா காரோடும் கூரையோடும் கடல் கடந்து மகள் வீட்டுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கப்பலில் ஏற்றவேண்டும்.

"அச்சு எடுத்துக்க ஒரு வாரம் தர்றேன். ஞாயித்துக்கிழமை காலையில கூரை என் கார் மேல இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "இதை விட்டா எனக்கு வேற கூரை கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

"கண்ணை இமை காக்கிற மாதிரி வச்சிருப்பேம்மா."

"இன்னொண்ணு. பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. எங்க அண்ணன் அவரு கையால அடிச்ச கறுப்பு அது. முப்பது வருஷம் முன்னாடி நான் ஊர்ல இல்லாதப்போ ஆசையா அடிச்சு வச்சாரு. எனக்குப் பிடிக்கலைதான். ஆனா யாராவது அதைத் தொட்டாலே மனுஷன் பதறிப்போறாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பாருங்க, அவரு அடிச்சா அடிச்சதுதான்."

அச்சு எடுப்பதில் உயிர்நாடி மெழுகு. கூரை மேல் ஆறு பூச்சு மெழுகு பூசி, ஒவ்வொன்றையும் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். அதற்கு மேல் பிசினும் கண்ணாடி நார்ப்பாயும் அடுக்கினால், காய்ந்த பிறகு அச்சு தோசைக்கல்லிலிருந்து தோசை எழுவது போல் எழுந்து வரும். மெழுகு இல்லாத இடத்தில் பிசின் பிடித்தால் பிடித்ததுதான். முட்டைக் கூரை வளைந்து இறங்குவதால் அச்சை இரண்டு பாதியாகச் செய்வது என்று முடிவானது. நடுக்கோடு போட்டு, ஆளுக்குப் பாதி மெழுகு.

செவ்வாய்க்கிழமை ஸ்டாம்புக்காரர் தன் பாதிக்கு ஆறு பூச்சையும் முடித்து, தண்ணீர் தெளித்துப் பார்த்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. புதன்கிழமை அவர் ஸ்டாம்புகளைக் கொடுக்க வெளியே போகவேண்டியிருந்தது. ஒரு காகிதத்தில், 'இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் உன் பொறுப்பு' என்று எழுதி, கூரை மேல் ஒட்டிவிட்டுப் போனார். மனைவி வகுப்புகளை முடித்துவிட்டு வந்து, வலப்பக்கத்துக்கு ஆறு பூச்சு பூசி, தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் நிற்கவே இல்லை, துள்ளி ஓடியது.

"என் கை பட்டா தனி மினுமினுப்புதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் பிசின் பூசி, நார்ப்பாய் அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை மர ஆப்புகளைச் செருகித் தட்டினார்கள். வலப்பக்க அச்சு 'ப்ளக்' என்று ஒரே சத்தத்தில் எழுந்து வந்தது. உள்ளே முகம் பார்க்கலாம். ஸ்டாம்புக்காரர் உண்மையிலேயே முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

இடப்பக்கம் அசையவில்லை. ஆப்பு செருகினார்கள், இடுக்கில் தண்ணீர் ஊற்றினார்கள், ரப்பர் சுத்தியலால் தட்டினார்கள். சுத்தியல் எகிறிப் போய் மூன்றாவது கூரையில் பட்டு, ஐந்தாவதில் பட்டு, திரும்பி இவர் காலடிக்கே வந்தது. அச்சு மட்டும் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் நீங்க மெழுகு பூசினீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

"இது உன் பக்கம்!"

"என் பக்கமா? வலப்பக்கம் என்னுது. நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா. இதுதானே வலது?"

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு, முதல் நாள் வகுப்புக்கு வந்தவரிடம் பேசும் குரலில் நிதானமாகக் கேட்டாள். "எங்க நின்னு பார்த்தீங்க?"

"இதோ, கதவுகிட்ட. கூரைக்கு முன்னாடி."

"கூரையைப் பார்த்துக்கிட்டா?"

"பின்ன, அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா நிப்பேன்?"

"கார்ல இடது வலதுன்னா டிரைவர் சீட்டுல உட்கார்ந்து பார்க்கணுங்க! உலகம் பூரா அப்படித்தான். எதிர்ல நின்னு பார்த்தா மாறாதா?"

நாற்பது வருடம் எழுத்துகளைத் தலைகீழாகவும் இடம் வலம் மாற்றியும் செதுக்கியவர் அவர். சாலையைக் கடக்கும்போது கூட எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று யோசித்து நிற்பார். விளைவு இதுதான்: ஒரே பாதிக்குப் பன்னிரண்டு பூச்சு மெழுகு, மறுபாதிக்கு ஒன்றுகூட இல்லை.

பதினைந்து வருடம் தேடிக் கிடைத்த முட்டைக் கூரையை ஒரு தடி ஃபைபர் கவ்விக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நாள்தான் பாக்கி. ஸ்டாம்புக்காரர் திண்டாடிப்போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, ஓரம் முழுக்க ஆப்புகளாக, ஐம்பத்துநாலாவது ஆப்பைச் செருகியபோது, பழைய படுக்கைவிரிப்பைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அச்சு வந்துவிட்டது. கூரை உடையவில்லை. ஆனால் ஹெட்மாஸ்டரின் கறுப்புப் பெயிண்ட், இடப்பக்கம் பூராவும், அச்சோடு உரிந்து போய்விட்டது. கூரை பாதி கறுப்பு, பாதி வெண்ணெய் நிறம்.

"கறுப்பு வாங்கிட்டு வந்து அடிச்சிட்டா என்ன?" என்றார் ஸ்டாம்புக்காரர், யாரையும் பார்க்காமல். "சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சுடும். அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? இப்ப ஒரு பெயிண்ட் வருது, அது கூட..."

மனைவியின் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்திய கால் எழவே இல்லை.

அவர் செய்து அனுப்புகிற ஒவ்வொரு கூரையின் உள்விளிம்பிலும் 'நகல்' என்று ஒரு முத்திரை இருக்கும். யாரும் அதை அசல் என்று சொல்லி யாரையும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக அவரே செதுக்கியது. அந்த மனிதர் இப்போது கள்ளப் பெயிண்ட் அடிக்கப் பார்க்கிறார். அவருக்கே வெட்கமாகப் போயிற்று. போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் டாக்டரம்மா வந்து இறங்கினார். தங்கையை வழியனுப்ப வந்திருந்த ஹெட்மாஸ்டரும் கூடவே இறங்கினார். வெள்ளைச் சட்டை, பையில் பச்சை மை பேனா.

"அம்மா, தப்பு என்னோடதுதான்" என்று ஆரம்பித்தார் ஸ்டாம்புக்காரர். "கூரைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா..."

டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கூரையைச் சுற்றி வந்தார். மாட்டின் விலாவைத் தடவுவது போல வெண்ணெய் நிறப் பக்கத்தைத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது. கதவுக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஏதோ பலமாக இடித்து, ஃபைபர் பெயர்ந்து போயிருந்தது. அதை அடைத்து மேவியிருந்த மக்குப் பசை, பெயிண்ட்டோடு சேர்ந்து அச்சில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

"இது என்ன?" என்றார்.

"அது நாங்க பண்ணினது இல்லம்மா" என்று பதறினார் ஸ்டாம்புக்காரர். "பழைய அடி. மேல மக்கு வச்சு..."

"உங்களைக் கேக்கல." டாக்டரம்மா திரும்பினார். "அண்ணா."

ஹெட்மாஸ்டர் உத்தரத்தில் தொங்கும் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு... நல்ல கலெக்ஷன்."

"அண்ணா! முப்பது வருஷம் முன்னாடி நான் மாட்டு வைத்திய முகாமுக்குப் போயிட்டு வந்து, காரை யாராவது எடுத்தீங்களான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? கப்பலுக்கு நேரமாகுது."

"கப்பல் நாளைக்கு. என்ன சொன்னீங்க?"

"சாவியையே தொடலன்னு சொன்னேன்."

"அப்புறம் எதுக்கு ஆசையா பெயிண்ட் அடிச்சீங்க?"

ஸ்டாம்புக்காரரின் மனைவி காலைத் தூக்கிக்கொண்டாள். இந்த வண்டிக்கு அவள் பிரேக் போடுவதாக இல்லை.

"ஒரே ஒரு ரவுண்டுதான்" என்றார் ஹெட்மாஸ்டர், கடைசி பெஞ்சுப் பையன் குரலில். "திரும்பி வர்றப்போ ஷெட்டு ஷட்டர் முழுசா ஏறிடுச்சுன்னு நினைச்சேன். பாதிதான் ஏறியிருந்துச்சு."

"பள்ளிக்கூடத்துல உண்மை பேசுன்னு எத்தனை பசங்களை முட்டி போட வச்சீங்க?"

"அது... தொழில்மா."

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். கூரை ஒன்றில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பது வருடமாக அந்தச் சந்தேகம் அவருக்கு இருந்திருக்கிறது. பெட்ரோல் முள் இறங்கியிருந்ததும், சீட்டு பின்னால் தள்ளியிருந்ததும் அப்படியே நினைவிருந்தது.

"நான் மிச்சப் பாதியையும் உரிச்சு, பழைய நிறத்துல பாலிஷ் போட்டுத் தந்துடறேம்மா" என்றார் ஸ்டாம்புக்காரர், மூச்சு திரும்பியவராக.

"தொடக்கூடாது! இப்படியேதான் கப்பல் ஏறும். என் பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்." டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "நீங்க ஸ்டாம்புதானே பண்றீங்க? 'என் முன்னிலையில் கையொப்பமிடப்பட்டது'ன்னு இருக்கா?"

இல்லாமல் என்ன. அலமாரியில் நாலு அளவில் இருந்தது. ஹெட்மாஸ்டர் பள்ளத்துக்குப் பக்கத்தில், பச்சை மையில், தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அதன் கீழே ஸ்டாம்புக்காரர் முத்திரை குத்தினார். எங்கே நின்று எந்தப் பக்கம் குத்துவது என்பதை மனைவி அவர் தோளைப் பிடித்து நிறுத்திக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்ன நேரத்துக்குக் கூரை காரின் மேல் இருந்தது. நாலு திருகும் ஒழுங்காக ஏறின. கப்பல் போயிற்று.

அச்சு ஸ்டாம்புக்காரருக்கு மிஞ்சியது. ஒட்டியிருந்த பெயிண்ட்டைத் தேய்த்தெடுத்து மெருகேற்ற ஒரு மாதம் ஆயிற்று. மக்குக் கட்டியையும் சுரண்டி எடுத்திருக்கலாம். ஆனால் டாக்டரம்மா துறைமுகத்தில், 'பள்ளத்தோட ஒண்ணு உங்க வீட்டுலயும் தொங்கட்டும், எங்க அண்ணன் வந்து பார்க்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் முதல் கூரையைக் கட்டியோடேயே வார்த்தார். அச்சிலே கட்டி என்றால் கூரையிலே பள்ளம். ஹெட்மாஸ்டரின் ஷட்டர் அடி, அங்குலம் பிசகாமல், அப்படியே விழுந்திருந்தது. உள்விளிம்பில் வழக்கம் போல 'நகல்' முத்திரை. அதற்குப் பக்கத்தில் மனைவி தூரிகையால், குருடருக்கும் தெரிகிற அளவில், 'டிரைவருக்கு இடது' என்று எழுதிவைத்தாள்.

கட்டியைச் சுரண்டிய பிறகு வார்த்த கூரைகள் எங்கெங்கோ போய், யார் யார் தலையையோ மழையிலிருந்து காக்கின்றன. பள்ளம் விழுந்த முதல் கூரை மட்டும் கூடத்தில் பன்னிரண்டாவதாகத் தொங்குகிறது.

மாதம் ஒருமுறை ஹெட்மாஸ்டர் வருவார். தங்கை போனில் பேசினாளா என்று கேட்பார், தேநீர் குடிப்பார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து எழுந்து, அந்தக் கூரையை மெல்லத் திருப்பி, பள்ளம் சுவர்ப் பக்கமாக இருக்கும்படி வைத்துவிட்டுப் போவார்.

அவர் தெருமுனை தாண்டியதும் ஸ்டாம்புக்காரரின் மனைவி கப்பிக் கயிற்றை ஒரு சுற்று சுற்றி, அதைப் பழையபடி வாசல் பக்கம் திருப்பிவிடுவாள்.